தாங்கும் எடையை யார் சொல்வது?

செயின் பிளாக் வாங்க வரும் பட்டறைக்காரர் முதலில் பார்ப்பது அதில் பொறித்திருக்கும் டன் அளவைத்தான். கயிறானாலும் ஏணியானாலும், "எத்தனை கிலோ தாங்குமுங்க?" என்று கேட்காமல் நம் ஊரில் யாரும் பணத்தை எடுப்பதில்லை. வீட்டு உடற்பயிற்சிக்கு வாங்கும் பளு தூக்கும் கம்பி விஷயத்தில் மட்டும் கேட்பவரும் குறைவு, சொல்லத் தெரிந்த வியாபாரியும் குறைவு. இதில் நாமும் சேர்த்தி என்பதை ஒப்புக்கொண்டே இதை எழுதுகிறோம்.

2020 ஊரடங்கில் உடற்பயிற்சிக் கூடங்கள் மூடிக் கிடந்தபோது இந்தச் சரக்குக்குத் திடீர்க் கிராக்கி வந்தது. இரும்புச் சாமான் மொத்த வியாபாரம் செய்யும் நாமும் வரவழைத்து விற்றோம். பெட்டியில் "150 கிலோ" என்று அச்சிட்டிருந்தது. அதையே சில்லறைக் கடைக்காரர்களிடம் சொன்னோம். சில மாதம் கழித்துப் பொள்ளாச்சிப் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் வளைந்த கம்பியோடு வந்தார். கல்லூரி மாணவர் ஒருவர் 80 கிலோ ஏற்றியிருக்கிறார். மரை ஆரம்பிக்கும் இடத்தில் கம்பி வளைந்து, ஒரு பக்கத்துத் தட்டுகள் நழுவித் தரையில் விழுந்து டைல்ஸ் உடைந்தது. காலில் விழாதது அவர் அதிர்ஷ்டம். தயாரிப்பாளரிடம் கேட்டால், சோதித்துப் பார்த்ததே இல்லையாம். மற்றவர்கள் போடுகிறார்கள் என்று அவரும் போட்டாராம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். பண நட்டம் சிறிது. தெரியாத ஒன்றுக்கு நாம் வாக்குக் கொடுத்ததுதான் இன்றும் உறுத்துகிறது.

போட்டிகளில் ஆண்களுக்கான கம்பி 20 கிலோ எடை, 2.2 மீட்டர் நீளம், பிடிக்கும் இடத்தில் 28 மி.மீ. விட்டம். பெண்களுக்கானது 15 கிலோ, 25 மி.மீ. 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் நம் வேலூர் சதீஷ் சிவலிங்கம் 144, 173 என மொத்தம் 317 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். அந்தக் கம்பி பளுவில் வளைந்தாலும் மீண்டும் நேராகிவிடும். மலிவுக் கம்பியிலும் 25 மி.மீ. உண்டு, ஆனால் சாதா இரும்பு வளைந்தால் வளைந்ததுதான். ஒரே இரும்பில் 25 மி.மீட்டரை விட 28 மி.மீ. கம்பி சுமார் 40 சதவீதம் கூடுதலாகத் தாங்கும். உள்ளே குழாயாக இருந்தால் கணக்கே வேறு. மெதுவாக இறக்குவது ஒன்று, தொப்பென்று போடுவது இன்னொன்று.

ஆகவே கொள்முதலின்போது கேட்க வேண்டியவை இவை: எழுதியிருக்கும் எடையில் கம்பியின் எடையும் சேர்த்தியா? இரண்டு பக்கமும் சேர்த்தா, ஒரு பக்கத்துக்கா? கீழே போட்டால் தாங்குமா? கெட்டிக் கம்பியா, குழாயா? எதை வைத்துச் சோதித்தீர்கள்?

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் குறையால் தீங்கு நேர்ந்தால் விற்பவரையும் சில நேரங்களில் பொறுப்பாக்குகிறது. தயாரிப்பாளர் தரும் எச்சரிக்கையை வாடிக்கையாளரிடம் சேர்க்காவிட்டாலும், தயாரிப்பாளர் யாரென்றே தெரியாவிட்டாலும், நாமாகவே தனி உத்தரவாதம் கொடுத்திருந்தாலும் பொறுப்பு நம் தலையில் விழலாம். பெட்டியில் நிகர எடை, விலை, முகவரி போடச் சட்டம் இருக்கிறது. தாங்கும் எடைக்கு எடையளவுச் சட்டத்தில் அப்படியொரு கட்டாயம் இல்லை. நம் தராசுக்கு முத்திரை உண்டு; இந்தத் தட்டுகளுக்கு அதுவும் இல்லை.

"இதையெல்லாம் கேட்டால் விலை ஏறும், வாடிக்கையாளர் ஆன்லைனுக்குப் போய்விடுவார்" என்று சிலர் சொல்லலாம். விலையில் ஆன்லைனோடு போட்டி போட நம்மால் முடியாது. ஆனால் கம்பியைக் கையில் கொடுத்து, இது இவ்வளவுதான் தாங்கும் என்று முகம் பார்த்துச் சொல்ல நம்மால் முடியும். வார்ப்படச் சாலையும் லேத்தும் நிறைந்த கோவையில் ஒரு கம்பியைச் சோதிப்பது பெரிய காரியமல்ல. எழுதியிருக்கும் எடையை ஏற்றி ஓர் இரவு விட்டு, மறுநாள் இறக்கிச் சமதரையில் உருட்டினால் கோணல் தெரிந்துவிடும்.

சாண்டோ சின்னப்பா தேவர் உடலை வளர்த்த ஊர் இது. தாங்கும் எடையைத் தயாரிப்பாளர் பில்லிலேயே எழுதித் தராத கம்பியை இனி நாம் கொள்முதல் செய்வதில்லை. உறுப்பினர்களும் இதையே கடைப்பிடிக்க, சங்கம் அடுத்த கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவர வேண்டுகிறோம்.