சதுப்புக்கு ஈடு மரக்கன்றா?

சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ராம்சர் (சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம்) எல்லைக்குள் வருவதாகப் புகார் எழுந்துள்ள பெரும்பாக்கம் நிலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு கட்ட அனுமதி கொடுத்தவர்கள் இன்னமும் அதை நியாயப்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். அது பட்டா நிலமாம். காப்புக்காட்டுக்கு வெளியே இருக்கிறதாம். ராம்சர் எல்லையைக் களத்தில் அளந்து உறுதிப்படுத்தும் பணி முடியவில்லையாம். 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்த பிறகும் இதே விளக்கம்தான். எல்லை அளந்து முடியாத நிலத்தில் கட்டடம் கட்ட எந்தத் துணிச்சலில் கையெழுத்திட்டார்கள் என்ற கேள்விக்கு மட்டும் பதில் இல்லை.

இதைவிடவும் நமக்கு ஆத்திரமூட்டுவது, இத்தகைய அனுமதிகளில் 'ஈடுசெய்தல்' என்ற பெயரில் இடம்பெறும் நிபந்தனைகள். பெரிய கட்டுமானங்களுக்கான சுற்றுச்சூழல் அனுமதிகளைப் படித்தவர்களுக்கு அவை மனப்பாடமாகியிருக்கும். மனையில் 80 சதுர மீட்டருக்கு ஒரு மரம் இருக்க வேண்டும். ஒரு மரத்தை வெட்டினால் பத்து மரம் நட வேண்டும். மழைநீர் சேகரிப்பும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையமும் வேண்டும். மேட்டில் கட்டினாலும் சதுப்பின் ஓரத்தில் கட்டினாலும் ஏறத்தாழ இதே வாசகங்கள்தான்.

சதுப்பில் வெட்டுவதற்கு மரம் எங்கே இருக்கிறது? அங்கே இருப்பது கோரையும் சம்பும் நாணலும், அவற்றின் காலடியில் தேங்கிய நீரும், அதற்கும் கீழே கறுத்த சேறும். தாழைக்கோழி கூடு கட்டுவதும் பூநாரை இரை தேடுவதும் அந்தச் சேற்றையும் நீரையும் நம்பித்தான். மரத்தை எண்ணி இழப்பைக் கணக்கிட்டால், லாரி லாரியாக மண்ணடித்து சதுப்பை முழுவதும் மூடினாலும் இழப்பு பூஜ்யம் என்றே வரும். மூடிய மண்ணின் மீது வேப்பங்கன்று நட்டுவிட்டால் பசுமை கூடியதாகக்கூட அறிக்கை எழுதிவிடலாம். இப்படிப்பட்ட கணக்கை ஏற்றுக்கொண்டு ஓர் அதிகாரி கையெழுத்திடுவதை அறியாமை என்று நம்மால் விட்டுவிட முடியாது.

தென் சென்னையிலும் தாம்பரம் பக்கத்திலும் உள்ள முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர் வந்து இறங்குவது பள்ளிக்கரணையில்தான். அங்கே பரவி நின்று, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, முட்டுக்காட்டில் கடலில் கலக்கிறது. கால்வாய் நிரம்பி வடிகால் அடைபடும் நாட்களில் சதுப்புதான் நீரைத் தாங்கி நிற்கிறது. அதில் ஓர் ஏக்கரை மூடினால், அங்கே நின்றிருக்க வேண்டிய நீர் வேளச்சேரியிலோ மேடவாக்கத்திலோ யாரோ ஒருவர் வீட்டுக் கூடத்தில் நிற்கும். இதற்கு ஈடாக இன்னொரு ஊரில் குளம் வெட்டிப் பயனில்லை. இந்த ஏரிகளின் தண்ணீர் அங்கே போகாது.

காட்டை அழித்தால் மாற்றுக்காடு வளர்க்கவாவது 2016ஆம் ஆண்டுச் சட்டமும் நிதியும் இருக்கின்றன. ராம்சர் ஈரநிலத்துக்கு அந்தக் கதவே கிடையாது. 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகள், அதை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதையே தடை செய்கின்றன. ஈடு கொடுத்துவிட்டு அழிக்கலாம் என்ற பேச்சுக்கே சட்டத்தில் இடமில்லை.

இந்த அலட்சியம் இன்று தொடங்கியதல்ல. 1960களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த சதுப்பில், 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்க்க எஞ்சியிருந்தது சுமார் 1,247 ஹெக்டேர்தான். பெருங்குடியில் மாநகரத்தின் குப்பையை அதில்தான் கொட்டினார்கள். துரைப்பாக்கம்–பல்லாவரம் சாலையைப் போட்டு அதை இரண்டாக வெட்டினார்கள். ரயில் நிலையத்துக்கும் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும்கூட வேறு இடம் கிடைக்கவில்லை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு, ஆற்றங்கரையில் இருந்தால் ஆபத்து என்று சொல்லி, கூவம், அடையாறு கரைகளில் வாழ்ந்த ஏழைக் குடும்பங்களைப் பெயர்த்தெடுத்து இதே பெரும்பாக்கத்தில் குடியமர்த்தினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அந்தக் குடியிருப்புகளையும் வெள்ளம் சூழ்ந்தது. அந்த முடிவுக்காக யாரும் பதவி இழக்கவில்லை. ஒருவர் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை.

அதே கைகள்தான் இப்போதும் அனுமதிகளில் கையெழுத்திடுகின்றன. சேமிப்பைக் கொட்டி, வங்கிக் கடன் வாங்கி அங்கே வீடு வாங்கத் துணியும் குடும்பங்களிடம், உங்கள் வாசலில்தான் சதுப்பு நீர் வந்து நிற்கப்போகிறது என்று சொல்லும் நேர்மைகூட இவர்களிடம் இல்லை.

ராம்சர் எல்லையைச் சர்வே எண் வாரியாக மக்கள் முன் வைக்க வேண்டும். ஈரநிலத்தின் இழப்பை மரக்கன்றால் அளக்கும் வழக்கத்துக்கு முடிவுகட்ட வேண்டும். நீதிமன்றம் கடைசி வார்த்தை சொல்லட்டும் என்று காத்திராமல், எல்லை தெரியாமல் கொடுத்த அனுமதியை அரசே ரத்து செய்ய வேண்டும்.