எய்தவன் இருக்க லாரிக்காரரை நோவதேன்?

சென்னையில் பள்ளிக்கரணைச் சதுப்புநில ஓரத்திலோ ஏதோ ஓர் ஏரிக்கரையிலோ விடிந்ததும் ஒரு லோடு ரப்பீஷ், அதாவது கட்டட இடிபாடு, கிடந்தால், ஊரே கூடித் தீர்ப்பு எழுதிவிடுகிறது: ‘லாரிக்காரன் வேலை. வண்டிக்கு வண்டி ஜிபிஎஸ் மாட்டி, முனைக்கு முனை கேமரா வைத்தால் அடங்கிவிடுவான்.’ படித்தவர்களும் நம்பும் இந்தத் தீர்வு தவறு; எதிர்த்துப் பேச முடியாதவரைப் பார்த்துக் கைநீட்டுவதால் கோழைத்தனமும்கூட.

அந்தச் செங்கல்லும் சிமென்ட் பாளமும் லாரிக்காரர் வீட்டுச் சுவரிலிருந்து பெயர்ந்தவை அல்ல. கட்டட இடிபாடுகளுக்கான 2016-ஆம் ஆண்டு விதிகள், சேகரித்துப் பிரித்து வைக்கும் பொறுப்பை அவற்றை உண்டாக்குபவர் தலையில்தான் முதலில் வைத்தன. நடப்பிலோ பழைய வீட்டை இடிப்பவரிடம் மொத்தமாகப் பேசி விட்டுவிடுகிறோம். தேக்கு நிலை, ஜன்னல், கம்பி, முழுச் செங்கல் எல்லாம் காசாகிவிடும். காரையும் உடைந்த கான்கிரீட்டும் மட்டும் விலைபோகாது. போகாததற்கும் நம் பிடிவாதமே காரணம்: உடைத்துச் சலித்த பழைய கான்கிரீட் ஜல்லியை, எம்25 தரம் வரையிலான கம்பி கட்டிய கான்கிரீட்டில் 20 சதவீதம் சேர்க்கலாம் என்று இந்தியத் தரநிர்ணயம் 2016-லேயே சொல்லியாயிற்று.

மிச்சத்தை அள்ள வாடகை பேசும்போது ‘எங்கே கொட்டுவீர்கள்?’ என்று கேட்கும் வீட்டுக்காரர் எத்தனை பேர்? கேட்காததால்தான் வாடகை குறைகிறது. மாநகராட்சியின் மறுசுழற்சி ஆலைகள் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இருக்கின்றன. வளசரவாக்கத்தில் இடித்தால் இரண்டுமே தூரம். பேசிய வாடகை அங்கே போய்வர டீசலுக்கே பற்றாது. லாரியில் ஜிபிஎஸ் மாட்டினால் சரக்கு குட்டியானை எனும் சிறு சரக்கு வண்டியில் போகும். குட்டியானையைப் பிடித்தால் மூட்டை கட்டிப் போகும்.

தொழில்நுட்பமே வேண்டாம் என்று சொல்லவில்லை. அது வீட்டுக்காரர் கையெழுத்திடும் இடத்தில் தொடங்கட்டும். 2024 ஜூலை முதல் தமிழகத்தில் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்றின் பேரில் இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. பழைய வீடு இருந்த மனை என்றால், இடிபாடு எத்தனை லோடு, எங்கே போகிறது என்பதையும் அங்கேயே எழுதி வாங்கலாமே! ஆலையின் எடைச்சீட்டு பதிவேறினால்தான் புது வீட்டுக்கு மின் இணைப்பு என்று சொல்லிப் பாருங்கள். 2026 ஏப்ரல் 1-ஐ நடைமுறைத் தேதியாகக் கொண்ட புதிய மத்திய விதிகளை நம்பி உட்கார முடியாது. இணையத்தில் கணக்குக் காட்ட வேண்டும் என்று அவை சுமத்தும் பொறுப்பு 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள திட்டங்களுக்குத்தான். ஒரு கிரவுண்டு மனை என்பதோ ஏறத்தாழ 223 சதுர மீட்டர். தெருத்தெருவாக இடிபடும் தனிவீடுகள் அந்த வலையில் சிக்கவே சிக்காது.

ஓட்டுநரின் கைபேசிக்கும் வேலை இருக்கிறது, வேவு பார்க்க அல்ல. பக்கத்தில் எந்தக் கொட்டுமிடம் திறந்திருக்கிறது, எத்தனை வண்டி வரிசையில் நிற்கிறது என்று தமிழில் சொல்லட்டும். எடை போட்டதும் தூரத்துக்கேற்ற கூலி வீட்டுக்காரர் கணக்கிலிருந்து ஓட்டுநருக்கு நேராக வந்து சேரட்டும். செங்கல்லில் ஒட்டிய சாந்தைத் தட்டியெடுக்கும் பெண்கள், கான்கிரீட்டை உடைத்துக் கம்பி உருவுகிறவர்கள் பெயரும் கூலியும் அதே பதிவில் ஏறட்டும். மறுசுழற்சியின் முதல் பாதி அவர்கள் கையில்தான் நடக்கிறது. டன் கணக்கு மட்டும் காட்டும் இணையதளத்தில் அவர்களுக்கு இடமில்லை.

வீடு இடிக்கப்போகிறவர்களே, வாடகை பேசும்போதே எடைச்சீட்டு வேண்டும் என்று சொல்லுங்கள். அதற்கு ஆகும் டீசல் காசையும் சேர்த்துக் கொடுங்கள்.