பிழையா, செய்தியா?

வெள்ளாற்று முகத்துவாரத்தில் படகு செலுத்தும்போது என் தந்தையார் மூங்கில் கழியை ஊன்றி ஆழம் பார்ப்பார். நேற்றிருந்த ஆழம் இன்றிராது. மணல்திட்டு இடம் மாறிவிடும். கழி காட்டிய அளவை எழுத்தறியாத அவர் ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை. சொன்னால் படகு தரைதட்டும்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய நானோ, சென்ற பருவத்தில் புத்தக விடைக்குப் பொருந்தாத இரண்டு அளவுகளை ஆய்வகக் குறிப்பேட்டில் அழித்துத் திருத்தினேன். மதிப்பெண் குறைந்துவிடுமே என்ற அச்சந்தான்! ரிட்பெர்க் அணுக்களைப் பற்றிப் படித்தபோது வெட்கப்பட்டேன்.

அணுவின் வெளி எலெக்ட்ரானை லேசர் ஒளியால் நாற்பதாம் ஆற்றல் நிலையை ஒட்டி ஏற்றினால், அணு ஹைட்ரஜனைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேல் பருத்துவிடுகிறது. எலெக்ட்ரான் மிகத் தளர்வாகப் பிணைந்திருப்பதால், சிறிய மின்புலமும் அந்த ஆற்றல் நிலையை நகர்த்தும். லேசரின் அதிர்வெண்ணைக் கொண்டு அந்நகர்வை அளந்தால் மின்புலம் தெரியும். பரப்பின் அருகே உலோக முனையை நுழைத்தால் அதுவே புலத்தைக் குலைத்துவிடும். அங்கே அணுவே தக்க அளவுகோல்.

ஜெர்மனியின் டூபிங்கன் ஆய்வாளர்கள் ருபீடிய அணுக்களைச் செம்புப் பரப்பின் அருகே ஆராய்ந்து 2012-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒவ்வொன்றிலும் சுமார் 10 இலட்சம் அணுக்கள் கொண்ட சில நூறு அணுமேகங்கள் பரப்பில் படிந்தபின், 30 மைக்ரோமீட்டர் தொலைவில் மின்புலம் சென்டிமீட்டருக்கு 1 வோல்ட் ஆகியிருந்தது. யாரும் மின்கலம் இணைக்கவில்லை. நம்மூர் உப்புக்காற்று மின்கம்பப் பீங்கானில் படிவதுபோல், ஒட்டிக்கொண்ட அணுக்களே மின் இருமுனைகளாகிப் புலத்தை உண்டாக்கின. வேண்டாத புலந்தான், ஆயினும் அதைப் பிழையென்று அவர்கள் அழித்திருந்தால் பரப்பின் உண்மை வெளிப்பட்டிருக்குமா?

பெங்களூரில் சர் சி.வி. இராமன் 1948-இல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையத்திலும் ரிட்பெர்க் அணுக்களை ஆராய்கிறார்கள். அவரும் சென்னை மாநிலக் கல்லூரி என்னும் அரசுக் கல்லூரியில் பயின்றவரே. அத்தகைய இடங்களுக்கு நம்மவரும் போகலாம்; திருத்திய அளவுகளோடு போக முடியாது.

பேராசிரியப் பெருமக்களே, விடை பொருந்துவதற்கு மட்டுமன்றி, பொருந்தாத அளவுக்குக் காரணம் தேடும் மாணவனுக்கும் மதிப்பெண் தாருங்கள். நண்பர்களே, குறிப்பேட்டில் அழிப்பானை எடுக்குமுன் ஒரு கணம் நில்லுங்கள். நாம் அழிக்கப்போவது பிழையா, செய்தியா?

- இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)