செட்டியைக் கெடுத்த வெள்ளியும் பறக்கும் தட்டும்

விடியக்காலை ஐந்தரை மணி இருக்கும். கட்டுமாவடிக் கரையில் நாட்டுப்படகுகள் ஒவ்வொன்றாக வந்து அணைந்துகொண்டிருந்தன. வலையில் சிக்கிய நண்டைக் கால் ஒடியாமல் பிரித்தெடுத்துக்கொண்டிருந்த பெரியவர் பக்கத்தில் ஓர் இளைஞர் வந்து குந்தினார். முதல்நாள் விடியலுக்கு முன் கடலில் வைத்து எடுத்த செல்போன் படத்தைக் காட்டினார். கறுத்த வானத்தில் முப்பது நாற்பது வெளிச்சப் புள்ளிகள், நூலில் கோத்த மணி போல ஒரே கோட்டில், சத்தமே இல்லாமல் நகர்ந்துபோயின.

"பெரியப்பா, இது என்னவா இருக்கும்?"

பெரியவர் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போச்சு என்றார். தென்மேக்கேருந்து வடகெழக்க என்றார் இளைஞர். அணைஞ்சு அணைஞ்சு எரிஞ்சுதா? இல்லை. எங்க ஆரம்பிச்சுது? "அதுதான் பெரியப்பா ஆச்சரியம். வானத்துப் பாதியில திடீர்னு ஒண்ணு தெரிஞ்சுது. அப்புறம் அதே எடத்துல இன்னொண்ணு. அப்புறம் வரிசையா வந்துக்கிட்டே இருந்துச்சு." பெரியவர் நண்டுக்குத் திரும்பினார். "மனுசன் விட்டதுதான் தம்பி. தானா வந்ததுன்னா இப்படி அளந்து வச்ச மாதிரி போவாது."

அன்று மாலை அதே படம் ஒரு தொலைக்காட்சியில் ஓடியது. வானில் மர்ம ஒளி, வேற்றுக்கிரகவாசிகளா, மீனவர்கள் பீதி என்று கீழே எழுத்து. பீதியடைந்த மீனவர் ஒருவரையும் நான் அன்று கரையில் பார்க்கவில்லை. செய்தி கொடுத்தவரைத் தொலைபேசியில் பிடித்து, எந்தத் திசை, எத்தனை மணி என்று கேட்டேன். இரண்டும் அவருக்குத் தெரியவில்லை. "இதெல்லாம் யார் சார் கேக்குறா?" என்றார்.

நண்டு பிரித்துக்கொண்டிருந்தவர் கேட்டார். அவர் கேட்ட மூன்று கேள்வியிலேயே விடையும் இருந்தது. இப்படிக் கோட்டில் போகிறவை அனேகமாக எப்போதும் இணையச் சேவைக்கான ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள். 2019 மே மாதத்தில் முதல் அறுபதை ஒரே ராக்கெட்டில் ஏற்றி அனுப்பினார்கள். அன்றிலிருந்து ஆயிரக்கணக்கில் ஏற்றிவிட்டார்கள். ஏவிய முதல் சில நாள்கள் அவை ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலியாகப் போகும். பிறகு உயரம் கூடி, பிரிந்து, சுமார் 550 கிலோமீட்டரில் சுற்றும். அவற்றுக்குச் சொந்த விளக்கு கிடையாது. நமக்கு இருட்டு, அந்த உயரத்தில் வெயில். அந்த வெயில் பட்டுத்தான் மின்னுகின்றன. விடியலுக்கு முன் பூமியின் நிழல் மேற்கே சாய்ந்து கிடக்கும். நிழலைத் தாண்டி வெயிலுக்குள் வருகிற இடத்தில் ஒவ்வொன்றும் திடீரென்று பற்றிக்கொண்டதுபோலத் தெரியும். இளைஞர் ஆச்சரியம் என்று சொன்னதுதான் சாட்சியத்திலேயே பெறுமதியானது. தொலைக்காட்சி எறிந்துவிட்டுப் போனதும் அதைத்தான்.

வானத்தில் எதையோ கண்டதாகச் சொல்கிறவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். பெரும்பாலோர் கண்டதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் கண்டது வேறு, அது இன்னதென்று தீர்மானிப்பது வேறு. நம் தாத்தா பாட்டிகளுக்கு இது நன்றாகத் தெரியும். செட்டியைக் கெடுத்த வெள்ளி என்று ஒன்றைச் சொல்வார்கள். சந்தைக்குப் போகிற வியாபாரி, வேறொரு பெரிய வெள்ளி கிளம்பியதை விடிவெள்ளி என்று நம்பி, மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடுச்சாமத்தில் புறப்பட்டுத் திருடரிடம் பறிகொடுத்த கதை. வெள்ளி இருந்தது உண்மை. அவர் கண் பழுதில்லை. எது எந்த நேரத்தில் எழும் என்ற கணக்குத்தான் தப்பியது.

அந்தச் செட்டியார் தனி ஆளில்லை. 2012 ஆகஸ்டிலிருந்து 2013 பிப்ரவரி வரை லடாக் எல்லையில் நம் ராணுவத்தினர் வானத்தில் ஒளிப்பொருள்களை 329 முறை பார்த்துக் குறித்து வைத்தார்கள். அவற்றில் 155 தடவை எல்லைக்கோட்டைத் தாண்டி வந்ததாகக் கணக்கு. சீனாவின் உளவு விமானம் என்று சந்தேகம். கடைசியில் பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தாரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர்கள் நேரத்தையும் திசையையும் வைத்துக் கணக்கிட்டுச் சொன்னது: ஒன்று வியாழன், மற்றொன்று வெள்ளி. காற்று மெலிந்த அந்த உயரத்தில் கோள்கள் பளிச்சென்று தெரியும். பயிற்சி பெற்ற கண்கள், தூங்காத காவல், ஆறு மாதம். அப்படியும் தப்பியது. ஆனால் அந்தப் படைவீரர்களை நான் மதிக்கிறேன். குறித்து வைத்தார்கள், தெரிந்தவரைக் கேட்டார்கள். குறித்து வைத்ததால்தான் விடை கிடைத்தது.

2023 ஜூலையில் சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் ஓய்வுபெற்ற காவல்துறை உயரதிகாரி ஒருவர் எடுத்த படத்தில் வானத்தில் சில புள்ளிகள் விழுந்திருந்தன; பறக்கும் தட்டுகளோ என்று பேச்சு கிளம்பியது. படத்தைவிட அவர் வகித்த பதவிதான் செய்தியில் பெரிதாக நின்றது. "இவ்வளவு பெரிய அதிகாரியே சொல்கிறாரே" என்பதுதான் எல்லார் வாதமும். குற்றவாளியின் முகத்தைப் படிக்கத் தெரிந்த கண்ணுக்கு வானத்துத் தொலைவை அளக்கத் தெரிய வேண்டியதில்லை. பக்கத்தில் அளவு தெரிந்த பொருள் எதுவும் இல்லாத வெட்டவெளியில், அருகே பறக்கும் சின்னதும் தூரத்தில் பறக்கும் பெரியதும் எந்தக் கண்ணுக்கும் ஒன்றுதான். பதவிக்கு இதில் வேலையில்லை.

பறக்கும் தட்டு என்ற சொல்லே எப்படி வந்தது? 1947 ஜூன் 24 அன்று அமெரிக்காவின் ரெய்னியர் மலைப் பக்கம் சின்ன விமானம் ஓட்டிப்போன கென்னத் அர்னால்ட், ஒன்பது பொருள்கள் வேகமாகப் பறந்ததைக் கண்டதாகச் சொன்னார். குளத்தில் ஓட்டுச்சில்லை வீசினால் தத்தித் தத்திப் போகுமே, அதுபோல, தண்ணீரில் தட்டை வீசினாற்போலப் போயின என்றார். அவர் சொன்னது போகிற விதத்தை. பத்திரிகைகள் அதை வடிவமாக்கிவிட்டன. அதன்பிறகு உலகமெங்கும் கண்டவர்களுக்கெல்லாம் தட்டு தெரிய ஆரம்பித்தது! ஒரு நிருபரின் கவனக்குறைவு எத்தனை தலைமுறைக்கு ஓடும் என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

இதையெல்லாம் பொழுதுபோக்கு என்று விட்டுவிடலாமே என்பவர்களுக்கு நாட்றம்பள்ளியை நினைவூட்டுகிறேன். 2016 பிப்ரவரி 6. அப்போது வேலூர் மாவட்டம். ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் பெரிய சத்தம், கண்ணாடிகள் நொறுங்கின, தரையில் பள்ளம். பேருந்து ஓட்டுநர் ஒருவர் இறந்துபோனார். கட்டட வேலையில் மிஞ்சிக் கிடந்த வெடிபொருளாக இருக்குமோ என்ற சந்தேகம் முதலிலேயே எழுந்தது. மறுநாளே விண்கல் என்று முதலமைச்சர் ஜெயலலிதா அறிவித்தார். குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் நிவாரணம். உடனே உலகப் பத்திரிகைகள் முழுக்க ஒரே தலைப்பு: விண்கல் விழுந்து இறந்த முதல் மனிதர். சில நாளில் நாசா அறிவியலாளர்கள், படங்களைப் பார்த்தால் இது நிலத்தில் நடந்த வெடிப்பு போலத்தான் இருக்கிறது, விண்ணிலிருந்து வந்ததன் அடையாளம் தெரியவில்லை என்றார்கள். சின்ன விண்கல் காற்றில் வேகமிழந்து, மாடியிலிருந்து விழும் கல்லைப் போலத் தரையில் வந்து விழும். வெடிக்காது. இந்த மறுப்பு முதல் தலைப்புப் பரவிய அளவில் நூறில் ஒரு பங்கும் பரவவில்லை. இன்றைக்கும் யாரைக் கேட்டாலும் விண்கல் என்பார்கள்.

யோசித்துப் பாருங்கள். வெடிபொருள் என்றால் அதை வைத்தது யார், கவனிக்காமல் விட்டது யார் என்று கேட்டாக வேண்டும். விண்கல் என்றால் கேட்க யாருமில்லை. ஓர் உழைப்பாளியின் சாவு உலக அதிசயமாகிப் போனது. அந்த மனிதர் எப்படிச் செத்தார் என்ற சாதாரணக் கேள்வி பரபரப்பில் மிதிபட்டது. எனக்கு ஆறாத கோபம் இங்கேதான்.

பிரபஞ்சம் இவ்வளவு பெரிதாக இருக்கும்போது வேறெங்கும் உயிரே இருக்காதா என்று கேட்பார்கள். இருக்கலாம், இருந்தால் எனக்கும் மகிழ்ச்சிதான். அதற்கும் கட்டுமாவடி வானத்தில் போன வெளிச்சத்துக்கும் தொடர்பில்லை. அரசுகள் உண்மையை மறைக்கின்றன என்பார்கள். அமெரிக்க விமானப்படை 1969 வரை நடத்திய ப்ளூ புக் என்ற திட்டத்தில், 1947 முதல் வந்த 12,618 தகவல்களைத் திரட்டியது. 701 மட்டும் இன்னதென்று தெரியாமல் நின்றது. தெரியவில்லை என்றால் தெரியவில்லை, அவ்வளவுதான். தெரியாத இடத்தில் வேற்றுக்கிரகவாசியைக் குடிவைப்பது, அந்தக் காலத்தில் சதுப்பில் தெரிந்த நெருப்பைக் கொள்ளிவாய்ப் பிசாசு என்றதற்கு எந்த விதத்திலும் மேலில்லை.

நம் கரைக்கு மேலே பறப்பவை இனிக் கூடத்தான் போகின்றன. ராமநாதபுரம் உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளம் இருக்கிறது, ஆளில்லா விமானங்களும் உண்டு. குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியாகிவிட்டது. விழுகிறவையும் உண்டு. 2022 ஏப்ரல் 2 அன்று மகாராஷ்டிரத்து வானத்தில் தீக்கோடுகள் ஓடிய இரவில், சந்திரபூர் மாவட்டத்து ஊர் ஒன்றில் ஏறக்குறைய மூன்று மீட்டர் அகல உலோக வளையம் வந்து விழுந்தது. அது சீன ராக்கெட்டின் துண்டு என்று பாதையைக் கணக்கிட்டுச் சொன்னார்கள். அப்படி ஒன்று நாளை பாக் நீரிணையில் படகுக்குப் பக்கத்தில் விழுந்தால், மீனவருக்குத் தேவை அது என்ன, தொடலாமா கூடாதா, யாரிடம் சொல்வது என்பதுதான். மர்மப் பொருள், மீனவர்கள் பீதி என்ற எழுத்தை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

நிருபர் தம்பிகளே, விடிவதற்குள் கட்டுமாவடிக்கு வாருங்கள். கேமராவைத் திறப்பதற்கு முன் எந்தத் திசை, எத்தனை மணி, எவ்வளவு நேரம், அணைந்து எரிந்ததா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதை ஒரு வானியலாளருக்கு அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை காத்திருங்கள். அன்று மாலையே ஓடாவிட்டால் அந்தச் செய்தி கெட்டுப்போக அது ஒன்றும் மீன் இல்லை.