மலையடி மனைகளும் வருமுன் காத்தலும்

கல்லூரியின் விழா மலரிலே பழைய மாணவர் ஒருவர் எழுதப் புகுந்தால், ஆசிரியர்தம் பெருமையையும் விளையாட்டு மைதானத்து நினைவுகளையும் எழுதுதல் வழக்கம். அவ்வழக்கத்தை இம்முறை மீறுவதற்கு அன்பர்கள் பொறுத்தருள்க. நான் தலவாக்கலைத் தோட்டமொன்றின் லயத்திலே பிறந்து, கல்லூரியின் வாயிலாக உலகைக் கண்டவன். எம்மூர் மலைகளின்மேல் கார்முகில் கவியும்போதெல்லாம் என்னுள்ளத்தில் எழும் கவலை ஒன்றுண்டு. அதனையே இங்கு எழுதுகின்றேன்.

2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் நாட் காலை, பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்திலே மலை சரிந்தது. லயங்கள் மண்ணுள் மறைந்தன. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பியபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அவ்விடம் அபாயமானது என்று 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்ததாக அதிகாரிகள் பின்னர் கூறினர். பதினோராண்டு கழிந்து, 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கிற்று. நாடெங்கும் 600 பேருக்கு மேல் மாண்டனர். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களிலே மண்சரிவுகள் பல ஊர்களைச் சிதைத்தன. வீதிகளும் இருப்புப்பாதையும் துண்டிக்கப்பட்டன. மின்சாரமும் தொலைபேசியும் நின்றன. உதவி வருமுன் ஒவ்வொரு குடும்பமும் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

இதனை விதி என்று கூறிக் கைகட்டியிருப்போர் நம்மவருட் பலர். மழை விதியாயின் ஆகுக. மலை சரிவது முற்றும் விதியன்று. செங்குத்தான சரிவிலே பாறையின்மேற் கிடக்கும் மண், நீரை உறிஞ்சி உறிஞ்சிப் பாரங்கொள்கிறது. மண்ணையும் பாறையையும் பற்றி நிறுத்தும் பிடிப்பு நீரினால் தளர்கிறது. கான்கள் தூர்ந்து கிடந்தால் ஓடவேண்டிய நீர் உள்ளே இறங்கும். ஆகவே சரியுமுன் மலை பெரும்பாலும் அறிகுறி காட்டும். நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்புத் தோன்றும், மரங்கள் சாயும், கதவு நிலையோடு இறுகும், ஊற்று திடீரெனக் கலங்கும், அல்லது வற்றும். இவற்றைக் கண்டவர் விடியட்டும் என்று காத்திராது அப்பொழுதே வெளியேறுதல் வேண்டும்.

மழையை அளத்தலும் அரிதன்று. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மூன்று படியாக எச்சரிக்கை வகுத்திருக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருத்தல். 100 மில்லிமீற்றர் ஆயின் ஆயத்தமாதல். 150 மில்லிமீற்றர் ஆயின் வெளியேறுதல். அடி தட்டையாய்ப் பக்கம் நேராயுள்ள வெறுந் தகரப் பேணியொன்றை இறப்பிலிருந்தும் மரத்திலிருந்தும் விலக்கி வெளியில் வைத்து, உள்ளே அளவுகோலால் மூன்று கோடு கீறிவிட்டால், அதுவே மழைமானி. எம் பிள்ளைகள் பாடசாலையிற் கற்ற விஞ்ஞானம் வீட்டைக் காக்க இதைவிட வேறென்ன வழி வேண்டும்? தலவாக்கலை நகரத்தார்க்கு மற்றுமொன்று: மேல் கொத்மலை நீர்த்தேக்கத்தின் வான்கதவுகள் திறக்கப்படும் காலத்திலே ஆற்றங்கரையை அணுகலாகாது.

இனி, வீட்டிலே என்ன ஆயத்தஞ் செய்வது? ஒரு பையிலே டோர்ச் லைட், மருந்து, கொதித்தாறிய நீர், பிஸ்கட், குழந்தையின் துணி, ஒரு கம்பளி ஆகியன போதும். எங்கே போவது, முதியோரையும் கர்ப்பிணிகளையும் யார் அழைத்துச் செல்வது என்பவற்றை மழையில்லாத நாளிலே பேசி முடிவுசெய்தல் வேண்டும். கோயிலும் பாடசாலையும் புகலிடமாகுமுன், அவை நிற்கும் நிலமும் பாதுகாப்பானதா என அறிந்துகொள்க. மழை விட்டதென்று உடனே திரும்பலாகாது. நனைந்த மலை வெயிலிலும் சரியக்கூடும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்னும் இலக்கம் ஒவ்வொரு சுவரிலும் எழுதப்படுதல் நன்று.

ஆனால் அப்பையில் முதலில் வைக்கவேண்டிய பொருள் வேறு. என் தந்தையார் தலைமாட்டிலே ஒரு தகரப் பெட்டி வைத்திருந்தார். அதில் நகையுமில்லை, பணமுமில்லை, காகிதங்களே இருந்தன. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்கள் நாம். 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் எண்ணிப் பங்கிடப்பட்டவர் நாம். எஞ்சியோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் நிறைவேற 2003 வரை காத்திருந்தவரும் நாமே. பிறப்புச் சான்று ஒன்றில்லாமையால் வாழ்வே திசைமாறிய குடும்பங்களை எமது தலைமுறை கண்டிருக்கிறது. ஆகவே பிறப்பு, விவாகச் சான்றுகள், அடையாள அட்டை, சேமலாப நிதிப் பத்திரங்கள், பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறுகள் யாவற்றையும் நீர் புகாத உறையிலிட்டு வைக்க. படமெடுத்து வெளியூரிலுள்ள உறவினர் ஒருவரிடமும் கொடுத்து வைக்க. மண் வீட்டை விழுங்கலாம். நம் பெயரை விழுங்க விடலாகாது.

இவ்வளவும் குடும்பத்தின் கடமை. ஆயினும் குடும்பத்தின் தலையிலே முழுப் பாரத்தையும் ஏற்றுவது நீதியன்று. தன் வீட்டின் இடத்தைத் தானே தெரிந்து குடியேறியவரா தோட்டத் தொழிலாளி? லயத்தை எங்கே கட்டுவதென்பதைத் தோட்டமே தீர்மானித்தது. அன்றியும், அழைத்தவுடன் வெளியேறாதவரை அறிவிலிகள் என இகழ்வோர் ஒன்றை எண்ணுவதில்லை: வெளியேறினால் அன்றைய நாட்சம்பளம் போகும், மலை சரியாவிடின் அது வீண் நட்டமாகத் தோன்றும். இருமுறை நட்டமடைந்தவர் மூன்றாம் முறை அசையார். எனவே சிவப்பு எச்சரிக்கை நாளைப் பேர் விழுந்த நாளாகக் கணக்கிடுக என்பதே என் வேண்டுகோள். எச்சரிக்கையும் சிங்களத்தில் வரும் அதே வேளையிலே தமிழிலும் வருதல் வேண்டும். காலந்தாழ்த்தி வரும் மொழிபெயர்ப்பு உயிர் காக்காது. எம்மூரிலே 1925 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கின்றது. செடியின் வேரும் இலையும் அத்துணை நுணுக்கமாக ஆராயப்படும் நாட்டிலே, கொழுந்து பறிப்பவள் உறங்கும் சரிவும் ஆராயப்படுதல் மிகையாகுமா?

பிறநாட்டாரும் இவ்வாறே கற்றனர். 1923 செப்டெம்பர் 1 ஆம் நாள் நிகழ்ந்த பெருநிலநடுக்கத்தை மறவாத யப்பானியர், ஆண்டுதோறும் அந்நாளிலே ஒத்திகை நடத்துகின்றனர். இந்தோனேசியாவின் சிமலூ தீவினர், 1907 ஆம் ஆண்டுக் கடற்கோளைப் பாட்டிமார் கதையாகப் பேணி வந்தமையால், 2004 இல் நிலம் அதிர்ந்ததும் மேட்டுக்கு ஓடிப் பெரும்பாலோர் தப்பினர். நமக்கும் ஒரு கருவி உண்டு. அக்காலத்திலே விடியற்காலையில் தப்படித்து மக்களைப் பெரட்டுக் களத்துக்கு அழைத்தார்கள். உழைப்புக்கு அழைத்த அவ்வோசை இனி உயிர் காக்கவும் அழைக்கட்டும். மின்சாரமும் தொலைபேசியும் நின்ற இரவிலும் தப்பும் கோயில் மணியும் ஒலிக்கும்.

பழைய மாணவர் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். விழாவின் நினைவாகக் கல்வெட்டு நாட்டுவது நன்றே. அதனோடு, மலையகத்திலிருந்து வந்து இங்கு பயிலும் மாணவர் ஒவ்வொருவர் கையிலும் நீர் புகாத உறையொன்றையும் அளவுகோலொன்றையும் கொடுத்தனுப்புவோமாக. விடுமுறைக்கு ஊர் செல்லும் பிள்ளை, பேணியிலே மூன்று கோடு கீறி, தாய் தந்தையரின் காகிதங்களை உறையிலிட்டு, தன் லயத்தார்க்கு வழியைச் சொல்லிக் கொடுத்தால், கல்லூரி கற்பித்த கல்வி மலையேறி வீடு சேர்ந்ததாகும்.