அன்னை விட்டுச் சென்ற பணி

தாயைப் போற்றாத இலக்கியம் தமிழில் இல்லை; தாயைப் போற்றாத மேடையும் இல்லை. ஆனால் மறைந்த தாயை எவ்வாறு போற்றுவது என்று கேட்டால், நம் சமுதாயம் வைத்திருக்கும் விடைகள் மிகச் சிலவே. ஆண்டுக்கொரு முறை திதி கொடுக்கிறோம். அமாவாசையன்று காக்கைக்குச் சோறு வைக்கிறோம். வசதி படைத்தோர் கோயிலுக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்து, அதன் இறக்கையில் 'உபயம்' என்று பெயர் எழுதி வைக்கிறார்கள். முதியோர் இல்லத்தில் ஒரு வேளை விருந்து படைப்போரும் உண்டு. இவற்றில் எதையும் குறை கூற நான் வரவில்லை. இவற்றோடு இன்னொன்றும் வேண்டும் என்பதே என் வாதம்.

ஒரு தாய் இறந்தால் இழப்பு யாருக்கு? கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் என்று சொல்லி நிறுத்திக் கொள்கிறோம். அது முழுக் கணக்கன்று. நம் தெருக்களில் வாழும் தாய்மார்களை எண்ணிப் பாருங்கள். ரசம் வைத்தால் பக்கத்து வீட்டுக் கிழவிக்கு ஒரு டம்ளர் போய்ச் சேரும். மருந்துக் கடைக்குப் போனால் நடக்க முடியாத எதிர்வீட்டுப் பெரியவரின் மாத்திரையும் சேர்ந்து வரும். இதற்கெல்லாம் சங்கம் கிடையாது, ரசீது கிடையாது, பெயர்ப்பலகையும் கிடையாது. போத்தனூரில் என் தாயும் இப்படித்தான் வாழ்ந்தார். அவர் மறைந்தபோது துக்கம் கேட்க வந்த ஒரு மூதாட்டி, "இனி என்னையக் கூப்பிட்டு ஒரு பேச்சுப் பேச யாரு கண்ணு இருக்கறாங்க?" என்று கேட்டு அழுதார். அவர் எங்களுக்கு உறவுமுறையில் ஒன்றும் ஆகாதவர். எனினும் அந்தச் சாவில் எங்களுக்கு இணையாக இழந்தவர் அவர்.

ஆக, தாய் ஒருத்தி மறையும்போது, அவள் ஓசையின்றி நடத்தி வந்த பணியும் நின்று போகிறது. படத்துக்கு மாலை போடுகிறோம். பணியை மறந்து விடுகிறோம். அந்தப் பணியைக் கண்டுபிடித்து மீண்டும் தொடங்குவதுதான் அன்னைக்கு நாம் எழுப்பக்கூடிய உண்மையான நினைவுச் சின்னம்.

மேலை நாட்டு வரலாறு ஒன்று இதற்குச் சான்று. அமெரிக்காவில் ஆன் ரீவ்ஸ் ஜார்விஸ் என்ற பெண்மணி 1858-ஆம் ஆண்டில் தம் ஊர்ப் பெண்களைத் திரட்டி, சுகாதாரப் பணிக்கும் நோயுற்ற குடும்பங்களின் உதவிக்கும் சங்கங்கள் அமைத்தார். 1905-இல் அவர் இறந்தார். அவருடைய மகள் அன்னா ஜார்விஸ் தாயின் நினைவாக 1908-இல் ஒரு வழிபாட்டுக் கூட்டம் நடத்தினார். அதுவே வளர்ந்து, 1914-இல் குடியரசுத் தலைவர் வில்சனின் அறிவிப்பால் அன்னையர் தினமாயிற்று. பின்னர் நடந்தது என்ன? பூக்கடைக்காரரும் மிட்டாய்க் கடைக்காரரும் அந்த நாளைத் தமதாக்கிக் கொண்டனர். அன்னா மனம் கசந்து, தாம் தொடங்கிய விழாவையே எதிர்த்துப் போராடினார். மணமாகாமல் முதுமையுற்ற அவர், 1948-இல் தம் 84-ஆம் வயதில் ஒரு மருத்துவ விடுதியில் காலமானார். தாயின் விழா உலகெங்கும் பரவியது. தாயின் பணியோ பரவவில்லை. பணியை விட்டுவிட்டு விழாவை மட்டும் பற்றிக் கொண்டால் எங்கே போய் நிற்போம் என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டுமா?

நம் நாட்டிலும் ஒரு சான்று உண்டு. தமிழகத்தில் 1982-இல் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிய முதலமைச்சர் எம்.ஜி.ஆர்., இளமையில் தாமும் தம் குடும்பமும் பட்டினி கிடந்ததையும், பக்கத்து வீட்டுப் பெண்மணி ஒருவர் அளித்த கஞ்சி தங்களைக் காத்ததையும் நினைவு கூர்ந்தார். கோவையின் படப்பிடிப்பு நிலையங்களில் நடித்து வளர்ந்த அவர், தம் தாயார் சத்தியபாமாவின் பெயரைப் பட நிறுவனத்துக்கும் சூட்டியவர். ஆனால் தாய் பட்ட துயரம் கோடிக் கணக்கான தட்டுகளில் சோறாக மாறியதே பெயர் சூட்டியதைக் காட்டிலும் பெரிது. கஞ்சி கொடுத்த அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்மணியையும் நாம் மறக்கலாகாது. அரசுத் திட்டத்துக்கு விதையாக விழுந்தது ஒரு தெருவின் அன்பு.

இனி நம் ஊருக்கு வருவோம். கோவை நகருக்குள் ரயில் வருமுன்பே, 1862-இல், இருப்புப் பாதை கண்ட ஊர் போத்தனூர். ரயில் சந்திப்பும் தொழிற்கூடமும் பல மாநிலத்தாரையும் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களையும் இங்கே கொண்டு வந்து சேர்த்தன. பிழைப்புக்காக மக்கள் வந்த ஊர் இது. இன்று பிழைப்புக்காகவே பிள்ளைகள் வெளியேறுகிறார்கள். பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் அவர்கள் போன பிறகு, ரயிலோசை கேட்டுக் கொண்டு பெரியவர்கள் தனித்திருக்கிறார்கள். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழக மக்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதைத் தாண்டியவர்கள். நாட்டின் சராசரியோ நூற்றுக்கு ஒன்பதைக்கூட எட்டவில்லை. எனவே இது நம்மை முந்தி வந்தடைந்திருக்கும் பிரச்சினை.

"அரசாங்கம் எதற்கு இருக்கிறது?" என்று சிலர் கேட்கலாம். அரசு சும்மா இருக்கவில்லை. 1962-இல் மாதம் 20 ரூபாயாகத் தமிழகத்தில் தொடங்கிய முதியோர் உதவித் தொகை, 2023-இல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. ஆனால் ஒரு மாற்றத்தைக் கவனியுங்கள். முன்பு அந்தத் தொகை மணியார்டராகத் தபால்காரர் கையில் வந்தது. திண்ணையில் உட்கார்ந்து அவர் இரண்டு வார்த்தை பேசி விட்டுப் போவார். பின்னர் அது வங்கிக் கணக்குக்கு மாறியது. பணம் ஒழுங்காக வருகிறது. பேச்சு நின்று விட்டது. பிரான்சு நாட்டு அஞ்சல் துறை 2017-இல், தபால்காரர் வாரந்தோறும் முதியோரைப் பார்த்து வருவதற்கென்றே கட்டணச் சேவை ஒன்றைத் தொடங்கியது. பிரிட்டன் 2018-இலும் ஜப்பான் 2021-இலும் தனிமையைக் கவனிக்க அமைச்சரையே நியமித்தன. நம் தெருக்களில் இலவசமாகக் கிடைத்து வந்த ஒன்றை, செல்வ நாடுகள் விலை கொடுத்து வாங்க முயல்கின்றன!

"பெற்ற பிள்ளைகள் பார்க்கட்டும்" என்பது அடுத்த வாதம். உண்மைதான். பெற்றோரைப் பேணாத பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை பெற்றுத்தர 2007-ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு சட்டம் இயற்றியது. மாதம் 10,000 ரூபாய் வரை பெற அதில் இடமிருந்தது. ஆனால் பணத்துக்கு ஆணையிடும் தீர்ப்பாயம், "சாப்பிட்டீங்களா ஆத்தா?" என்று கேட்கும்படி யாருக்கும் ஆணையிட முடியாது. மேலும், பிள்ளைகள் அன்போடு பணம் அனுப்பும் வீடுகளிலும் தனிமை இருக்கிறது. தொலைபேசியில் மகன் குரல் கேட்கலாம். விழுந்தால் தூக்கிவிடப் பக்கத்து வீட்டுக் கைதான் வேண்டும்.

மூன்றாவது வாதத்தை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். அறியாதவரை வீட்டுக்குள் விடலாமா? கொங்கு நாட்டுத் தோட்டத்து வீடுகளில் தனித்திருந்த முதியோர் கொலையுண்ட செய்திகள் 2024, 2025-ஆம் ஆண்டுகளில் நம்மை உலுக்கின. பெரியவர்கள் அஞ்சுவது நியாயமே. ஆகையால் இந்தப் பணி சொந்தத் தெருவிலேயே தொடங்க வேண்டும். தெரிந்த குடும்பத்துப் பிள்ளையாக, இருவர் இருவராக, பெற்றோரும் ஆசிரியரும் அறியப் போக வேண்டும். நகை, பணம், சொத்து பற்றிப் பேசலாகாது. புகைப்படம் எடுக்கவே கூடாது. உண்மையில், அக்கம்பக்கத்தார் அன்றாடம் வந்து போகும் வீடுதான் திருடனுக்கும் அச்சம் தரும் வீடு.

நம் கல்லூரியில் இதற்கு வழி இருக்கிறதா? இருக்கிறது. 1969-இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தின்படி ஒரு மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் தொண்டு செய்ய வேண்டும். வாரம் ஒரு மணி நேரம் ஒரு முதியவருக்கு என்று ஒதுக்கினால், ஆண்டுக்கு ஆவது 52 மணி நேரமே. அதாவது பாதிகூட இல்லை. மரம் நடுவதையும் சாலையைத் தூய்மை செய்வதையும் தொண்டாகக் கணக்கிடும் நாம், கடிதம் படித்துக் காட்டுவதையும் மருத்துவமனைக்குத் துணை போவதையும் அவ்வாறே கணக்கிடலாகாதா? பேராசிரியப் பெருமக்கள் இதைப் பரிசீலிக்க வேண்டுகிறேன்.

இன்னொன்று. முதியவர்களை வாங்குவோராக மட்டும் எண்ணி விடாதீர்கள். கோவையை அடுத்த வடிவேலம்பாளையத்தில், வயது எண்பதைத் தாண்டியும் ஒரு ரூபாய்க்கு இட்லி விற்று உழைப்பாளிகளின் பசி தீர்த்தார் கமலாத்தாள் பாட்டி. 2022-இல் அன்னையர் தினத்தன்று தொழிலதிபர் ஒருவர் அவருக்குப் புது வீடு வழங்கினார். வீடு கிடைக்கும் முன்பே ஊருக்குத் தாயாக இருந்தவர் அவர். எனவே பெரியவர்களிடம் போகும்போது கொடுக்க மட்டும் போகாதீர்கள், கேட்கவும் போங்கள். நீராவி எஞ்சின் ஓட்டியவரிடம் அந்தக் காலத்தைக் கேளுங்கள். பஞ்சாலையில் நூல் இழுத்தவரிடம் அவர் பட்ட பாட்டைக் கேளுங்கள். சோறு பசியைத் தீர்க்கும். 'நான் இன்னும் வேண்டப்படுகிறேன்' என்ற எண்ணம்தான் தனிமையைத் தீர்க்கும்.

மாணவ நண்பர்களே! தாயை இழந்தவர்கள், உங்கள் அன்னை யார் வீட்டு வாசலில் நின்று பேசுவார் என்பதை அக்கம்பக்கத்தில் விசாரித்து அறியுங்கள். இந்த வாரமே அந்த வாசலுக்குச் செல்லுங்கள். தாய் உயிரோடிருக்கும் பேறு பெற்றவர்கள், இன்று மாலையே அவரிடம் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். கூடவே சென்று பழகுங்கள். திதி ஆண்டுக்கு ஒரு நாள் வரும். அன்னையின் பணிக்கோ எல்லா நாளும் நாளே!