அறிவித்தற் பலகைக்கு அப்பால்

புலமைப்பரிசிற் பரீட்சையிற் சித்தியெய்தி எமது கல்லூரிக்கு வரும் பிள்ளையின் பெற்றோர், அனுமதி கிடைத்த அன்றே தம் கடன் முடிந்ததென எண்ணுகின்றனர். அவ்வெண்ணத்தை வளரவிட்ட குற்றம் ஆசிரியராகிய எம்முடையதே.

கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945ஆம் ஆண்டில் இலவசக் கல்வி வந்தது. பாடசாலை வாயில் ஏழைக்குந் திறந்தது. ஆயின், உள்ளே வந்தபின் கிடைக்கத்தக்க வாய்ப்புக்களைப் பற்றிய செய்தி எல்லார்க்கும் ஒருபடித்தாகச் செல்கின்றதோ? இல்லை என்பதே எம் துணிபு. பட்டினத்து உத்தியோகத்தர் வீட்டிற்கு மகாபொல உதவி, கல்வியியற் கல்லூரி விண்ணப்பம், வர்த்தமானி அறிவித்தல் யாவும் தாமே சென்று சேரும். இரண்டு பேருந்து மாறி வரும் கமக்காரர் மகனுக்கோ, முடிவுத் திகதி கழிந்த தாளே பலகையிற் காட்சியளிக்கும்.

எம்மிடங் கற்ற ஒருவன் உயர்தரத்தில் நற்பெறுபேறு பெற்றும், பல்கலைக்கழக விண்ணப்பத்தை உரிய நாளில் அனுப்பாது ஓராண்டை இழந்தான். “வாத்தியார், ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே” என்றார் அவன் தந்தையார். எம்மிடம் விடையில்லை.

பழைய மாணவர் சங்கத்தார் மண்டபத்திற்கும் மைதானத்திற்கும் பொருள் திரட்டுவது நன்றே. துடுப்பாட்டப் போட்டியின் முடிவு இலண்டன் வரை அன்றே போய்விடுகின்றது. விண்ணப்பத் திகதி மட்டும் அயற்கிராமத்தை எட்டுவதில்லை! ஊருக்கொரு பழைய மாணவர் முன்வந்து, தவணைக்கு ஒருமுறை பெற்றோரைக் கூட்டி, இத்திகதிகளை எழுதிக் கொடுப்பாராயின் செலவும் பெரிதன்று. வரும் தவணைக்குரிய பட்டியலை எழுதித் தர யாம் ஆயத்தமாயுள்ளோம். சங்கச் செயலாளர் கேட்பாராக.